உப்பு ஞாயிறு

முதுநகர்த் துறைமுகத்தில்
மரக்காணத்து உப்புக்குக் கணக்கெழுதும் எஸ்தாக்கி
சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார்,
புதுச்சேரியில் மிஷன் வீதிக்குப் பின்னால்
நான் டைப் அடிக்கும் கடைக்கு.

எடைச்சீட்டுகளின் முதுகில் பென்சில் எழுத்து.
காலிக் கல்லறையில்
துணியை மடித்து வைத்தது எந்தக் கை என்று
பன்னிரண்டு பக்கம்.
மடித்தவருக்கு அவசரமே இல்லை என்று
இன்னும் நாற்பது.
பங்குச்சாமி படித்துவிட்டு
‘இதெல்லாம் நம்ம உபதேசத்துல இல்லையே’ என்றாராம்.
‘இல்லதான் சாமி’ என்றாராம் இவர்.

பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
எனக்குக் கடவுள்மேலும் நம்பிக்கை இல்லை,
அவருடைய லகர ளகரத்தின்மேலும்.

கரண்ட் போகுமுன் முடிக்க ஓட்டிய ஒரு மாலை,
‘உயிர்ப்பு ஞாயிறு’ நடுவில்
இரண்டெழுத்து விழுந்துவிட்டது.
உப்பு ஞாயிறு என்று வந்தது தாள்.

மன்னிப்புக் கேட்டேன்.
வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
நகக்கண்ணெல்லாம் வெள்ளை.
‘முப்பது வருஷமா மூட்டை எண்றேன்,
கண்ணுல படலியேம்மா.’
திருத்தவா?
‘இருக்கட்டும்.’
அடிக்காத சீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்கழிப் புயலில் கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர்.
நான்காம் நாள் போன் செய்தார்,
லாரிச் சத்தத்துக்கு நடுவே:
‘எல்லாம் கரைஞ்சுபோச்சும்மா.
சாக்கையெல்லாம் காயவெச்சு
மடிச்சுக்கிட்டிருக்கேன்.’
குரல் அவசரப்படவில்லை.

அதற்கப்புறம் அவர் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.
பதினாறு பக்கத்துக்குப் பாக்கி நிற்கிறது.
கேட்கவில்லை.