இரண்டாவது பாட்டு

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.
கெமி ஊரில் ராத்திரி இரண்டு மணிக்குப்
பனி வாருகிற வண்டிக்காரி நான்.
முன்னால் எஃகுத் தகடு, பின்னால் உப்பு,
நடுவில் நானும் ஒரு பழைய கேசட் பெட்டியும்.
எட்டு மணி நேரம் தனியாகக் கேட்டால்
யார் பாடுகிறார்கள், யார் பாடுவதுபோல் நடிக்கிறார்கள்
என்பது காதுக்குத் தானே தெரிந்துவிடும்.

ஹெல்லெவி ஓரவா.
என் கட்சி அவள்தான், மாற்றமில்லை.
கடைசிச் சுரத்தை இழுக்கவே மாட்டாள்.
தையல்காரி பல்லால் நூலைக் கடிப்பதுபோல்
நறுக்.
அதற்குப் பிறகு வருகிற மௌனத்திலேயே
இரண்டு தெரு வாரிவிடுவேன்.
மேடையில் சிரிக்கமாட்டாள் என்று குறை சொல்கிறார்கள்.
சிரிப்புக்கா டிக்கெட் வாங்கினீர்கள்?

அக்கார்டியன் அவுலிஸ் ஹன்னுக்கலா:
விரல் பத்தும் வைரம், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் அந்தப் பெட்டியை மூச்சுவிட விடமாட்டார்.
அவர் வாசித்து முடிக்கையில்
எனக்குத்தான் இரைக்கிறது.

'துருக்கோடரி' குழுவா?
பழைய டிரம்ஸ்காரன் ஒஸ்மோ
அரை மாத்திரை பிந்தித்தான் அடிப்பான்,
குடித்துவிட்டு வந்தவன்
இருட்டில் சாவித் துவாரத்தைத் தேடுவது மாதிரி.
அந்தத் தடவலில்தான் பாட்டே இருந்தது.
ஹெல்சிங்கிக்குப் போனார்கள்,
அவனைக் கழற்றிவிட்டார்கள்,
கடிகாரம் மாதிரி ஒருவனைப் பிடித்தார்கள்.
இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது.
சரியாக அடிப்பதைக் கேட்க
எனக்கு என் வைப்பர் போதும்.

அப்புறம் அந்த ஆள்.
ரெய்னோ சல்மேலா.
வெள்ளைக் கோட்டு, ஈரக் குரல்.
'பொன்னே' என்கிற ஒரு சொல்லை
ஜவ்வுமிட்டாயாக எட்டு முறை இழுப்பார்.
எங்கள் டிப்போவில் யோர்மாவுக்கு அவர் என்றால் உயிர்.
காப்பி நேரத்தில் இதற்காகச் சண்டை போட்டு
மூன்று வாரம் முகம் பார்க்காமல்
உப்பு மூட்டையை மட்டும்
கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

போன பிப்ரவரியில், டோர்னியோ சாலையில்,
ஒரு கார் மூக்கைப் பனிக்குள் புதைத்துக் கிடந்தது.
கயிறு மாட்டப் போனேன்.
பக்கத்தில் நின்றவரை முதலில் தெரியவே இல்லை.
கோட்டு நிஜமாகவே அவ்வளவு வெள்ளை.

இழுத்து வெளியே போட்டேன்.
பல் கிடுகிடுக்கக் கேட்டார்:
"என் பாட்டெல்லாம் கேட்பீர்களா?"
"கேட்பேன். பிடிக்காது."
மைனஸ் இருபத்தாறு.
அந்தக் குளிரில் பொய்க்காக வாயைத் திறப்பது
வீண் செலவு.

காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்தார்.
"எது ரொம்ப மோசம்?"
"புதிய சிடியில் இரண்டாவது."
"அது என் அம்மாவுக்காக எழுதியது."

நான் கயிற்றைச் சுருட்டினேன்.
மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன்.
அம்மாவுக்கு எழுதினாலும்
எட்டு 'பொன்னே' எட்டு 'பொன்னே'தானே.
சுருட்டி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:
"அம்மாவுக்கும் பிடிக்கவில்லை."

இரண்டு பேரும் சிரித்தோமா?
இல்லை. அவர் மூக்கைத் துடைத்தார்.
உள்ளே குனிந்து ஒரு சிடி எடுத்து,
பேனா உறைந்திருந்ததால்
நகத்தால் கீறிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றிரவே இன்னொரு முறை கேட்டேன், நியாயத்துக்காக.
இரண்டாவது பாட்டு இன்னும் மோசம்தான்.
ஐந்தாவதில் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில்,
குரல் காய்ந்து உடைகிறது.
அதை விட்டிருக்கலாம். உடனே வயலினைக் கூட்டி
ஒட்டுப் போட்டுவிட்டார்கள்.

சிடியை யோர்மாவிடம் கொடுத்தேன்.
கீறலைத் தடவித் தடவிப் பார்த்தான்.
"எப்படி இருந்தார்?" என்றான்.
"குளிரில் இருந்தார்" என்றேன்.

பிளாஸ்டிக் உறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.
காலையில் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்ட
அதைவிட வாகான விளிம்பு கிடையாது.
கரக், கரக்,
கொஞ்சங்கூட ஈரமில்லாமல்.
அவரிடமிருந்து வந்ததில்
நான் முழுதாகக் கேட்பது அதைத்தான்.