சிப்பம்

மண்ணடியில், என் அறைக்குக் கீழே
நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம்.
இரவு பதினொன்றுக்கும் சிப்பம் கட்டுகிறார்கள்.
மஸ்தான் முழங்காலை ஊன்றிச்
சணலை ஒரு இழு இழுத்தால்
மூன்றாம் மாடி மேசை வரை
முனகல் ஏறிவரும்.

நானும் சிப்பம்தான் கட்டுகிறேன்.
பதினேழு கோப்புகள், ஓர் உரிமம்,
ருக்சானா வரைந்த சின்னப் படம்.
புத்தகம் என்கிறாள் அவள்.
எனக்கு அது தோசைக்கரண்டி.

கல்லூரித் தளத்தில் செருகிக்கொள்ள
ஒரு செருகுநிரல்.
ஆடும் பெஞ்சின் காலுக்கடியில்
மடித்துச் செருகும் பஸ் டிக்கெட்,
அவ்வளவுதான் அதன் கனம்.
இணையத்தில் எது உதவியது என்று
படித்த பிள்ளை
படிக்கப்போகும் பிள்ளைக்குச்
சொல்லிவைக்கும் பெட்டி.
திருவொற்றியூரில் ஒரு கல்லூரி கேட்கிறது,
தாம்பரம் பக்கம் இன்னொன்று.
கொடுப்பதென்றால்
கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

கட்டுமுன் உதற வேண்டும்.
சோதனைக்கு வைத்திருந்த நிஜப் பதிவுகள்
ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.
அழிக்க உட்கார்ந்தவள்
வாசிக்க ஆரம்பித்தேன்.

"பன்னெண்டாம் நிமிஷத்துலேர்ந்து பாருங்க.
அதுக்கு முன்னாடி அவர்
தன்னைப் பத்தியே பேசுறார்."

"இங்கிலீஷ்தான். முக்கால் வேகத்துல வெச்சா
நம்ம இங்கிலீஷ் ஆயிடும்."

"பஸ்ல பார்க்காதீங்க, டேட்டா தீர்ந்துடும்.
லேப்ல மூணாவது கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிருக்கேன்.
ஃபோல்டர் பேரு எலிப்பொறி."

பரிந்துரை என்ற சொல்லை
நாற்பது தடவையாவது தட்டியிருப்பேன்.
ஒருநாள் நடுவில் இடைவெளி தவறி விழுந்து
பரிந்து உரை
என்று திரையில் நின்றது.
பிழையென்று சேர்த்துவிட்டேன்.

பாயின்டர் பாடத்துக்கு
அதிகம் பேர் 'உதவியது' அழுத்தியது
செ. ஏகவள்ளியின் பதிவுக்கு.
நூற்றுப் பதினாறு பேர்.
"ரெண்டு தடவை பார்த்து அழுதேன்.
மூணாவது தடவை புரிஞ்சுது.
நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி
பிளாக், டோர் நம்பர் எல்லாம் போட்டுச் சொல்றாங்க.
நம்பர் வேற, வீடு வேற. அவ்ளோதான் பாயின்டர்."

மூன்றாம் பருவத்தில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டாள்.
படிவத்தில் 'சொந்தக் காரணம்' என்றிருக்கிறது.
ஜூனில் பெயர்ப்பட்டியல் புதுப்பித்தபோது
அவள் கணக்கு நீங்கியது,
கணக்கோடு அந்தப் பதிவும்.
என் மார்ச் மாதப் பிரதியில் மட்டும் மிச்சம்.

நானே எழுதிய வரி அது:
ஆள் போனால் சொன்னதும் போகட்டும்.
எழுதிய அன்று
சுத்தமாகத் தெரிந்தது.

கீழே சணல் அறுந்தது.
மஸ்தான் யாரையோ, அல்லது சணலை,
அம்மாவோடு சேர்த்துத் திட்டினார்.

வரியை மாற்றினேன்.
பெயர் போகட்டும், முதலெழுத்தும் போகட்டும்.
சொன்னது இருக்கட்டும்.
பெயர் இருந்த இடத்தில்
என்ன போடுவது என்பதற்குத்தான்
அரை மணி நேரம் ஆயிற்று.
'அறியாத பயனர்' வேண்டாம், நூற்றுப் பதினாறு பேர் அறிவார்கள்.
'முன்னாள் மாணவர்' என்றால் சங்கத்துக்குச் சந்தா கேட்பார்கள்.
'இங்கே படித்த ஒருவர்'
என்று தட்டினேன்.
முடித்தவர் என்று அதில் இல்லை.

எங்கள் தளத்துக்கு மட்டும்
அவள் பதிவை மறுபடி ஏற்றினேன்.
சிப்பத்துக்குள் வெறும் பெட்டி போகிறது.
அவரவர் பிள்ளைகள் நிரப்பிக்கொள்வார்கள்.

சுருக்கி, பெயரிட்டு, ஏற்றினால்
நிறுவ முடியாது என்கிறது:
கோப்புறைக்குள் கோப்புறை.
அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன்.
ஒரு மணிக்குக் கீழே ஷட்டர் இறங்கியது.
மீன்பாடி வண்டி ஒன்று
மூச்சுவாங்கிக்கொண்டு கிளம்பும் சத்தம்.

கடைசியாக
'என்ன மாறியது' கோப்பில் ஒரு வரி
எழுதியாக வேண்டும், அது விதி:

0.9.1
பயனர் நீங்கினாலும் பரிந்துரை நீங்காது.
சின்னப் படத்தில் மாற்றமில்லை.