முப்பத்தெட்டாம் எண்

கதான்ஸ்க். ஜனவரி. இரவு பதினொன்று.
முதல் கேபிள் ஏமாற்றியது:
மின்சாரம் மட்டும் கடத்தும் ரகம்,
பேச்சே வராது அதற்கு.
பிரிண்டரின் முதுகிலிருந்து இன்னொன்றைப் பிடுங்கினேன்.
வித்தோல்டின் வரிக்கணக்கு நாளைக்கு அச்சாகட்டும்.

கணினி ஒரு கணம் யோசித்து
டிரம்ஸைப் பெயர் சொல்லி அழைத்தது.

ஸ்னேரை அடித்தேன்.
பியானோ பேசியது.
கிக்குக்கும் பியானோ, சிம்பலுக்கும் பியானோ,
அடிவயிற்றிலிருந்து உறுமும் கட்டைகள்.
பதினாறு வருஷமாய் அடிக்கிறேன்,
யாரும் என்னிடம் சுரம் கேட்டதில்லை.
கொஞ்ச நேரம் திருத்தாமல் விட்டுவைத்தேன்.

பிறகு பத்தாம் சேனல். ஹெட்போன். சிவப்புப் பொத்தான்.

இந்தக் கம்பியில் ஓசை போவதில்லை.
எந்த எண், எவ்வளவு வேகம், எப்போது,
அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு.
முப்பத்தெட்டு, நாற்பது: அங்கே மணிக்கட்டு தயங்கியது.
கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து
வலித்த மணிக்கட்டு என்று
எங்கும் எழுதப்படவில்லை.

கீழ்வீட்டு ஸெனோனுக்கு இசை கேட்காது;
பெடல் தரையை உதைப்பது மட்டும் கேட்கும்.
துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, என் தரையை,
மூன்று முறை இடித்தார்.
உள்ளங்காலில் கேட்டது எனக்கு.
தாளம் தப்பாமல்தான் இடித்தார், சொல்ல வேண்டும்.

காலையில் திரையில்
பச்சைக் கட்டங்கள் வரிசையாய்.
டிராம் போனது இல்லை. நான் தும்மியது இல்லை.
துடைப்பம் இல்லை.
பதினேழாவது தாளச்சுற்றில் மட்டும் ஒரு வெற்றிடம்,
நான் காலைத் தூக்கி
மூச்சடக்கிக் காத்திருந்த அளவுக்கு நீளமாய்.

அதை வெட்டவில்லை.
கோப்பு பெயர் கேட்டது.
ஸெனோன் என்று கொடுத்தேன்.