இரண்டு கழுத்து

வலிக்கிறதா என்று கேட்டேன்.
மேலும் கீழுமாய்த் தலையை ஆட்டினார்.

ஸ்மோல்யான் மருத்துவமனை, நரம்பியல் பிரிவு.
பிப்ரவரி. சன்னல் விளிம்புவரை பனி.
ஸ்தாமென் கராஜோவ், வயது அறுபத்தொன்று, லாரி ஓட்டுநர்.
மூளையின் இடப்பக்கம் ஒரு குழாய் அடைத்ததில்
பேச்சு போனது, வலது கை போனது.
கழுத்து மிச்சம்.

பல்கேரியாவில்
மேலும் கீழும் என்றால் இல்லை.
பக்கவாட்டில் என்றால் ஆமாம்.
ஹோம்ஸிலிருந்து படிக்க வந்த முதல் மாதமே
காசு கொடுத்தாச்சா என்ற கடைக்காரனுக்குத் தலையாட்டி
ஒரே தொப்பிக்கு இரண்டு தடவை கொடுத்தவன் நான்.
ஆகவே தயங்காமல் எழுதினேன்:
வலி இல்லை.

இரவு இரண்டு மணிக்குப் பென்கா எழுப்பினாள்.
நாடி நூற்றுப் பதினெட்டு.
இடது கையால் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தார்.
மறுபடி கேட்டேன்.
அதே மேல், அதே கீழ்.

காலை முதல் பேருந்தில் வந்தாள் ஸ்லாத்கா,
காலணியில் பனி, பையில் சீமைமாதுளைப் பாகு.
ஏட்டை வாசித்துக் காட்டினேன்.
கோபத்தில் சிரித்தாள்.
"இருபத்திரண்டு வருஷம் டாக்டர்,
சோபியாவுக்கும் ஹாம்பர்க்குக்கும் ஓட்டின மனுஷன்.
அங்கே ஒரு கழுத்து, இங்கே ஒரு கழுத்து.
கலோதினா சாவடியில் தாளை நீட்டும்போதே
கழற்றி மாட்டிக்குவார்.
இப்ப எது மாட்டியிருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.
படிவத்தில் ஒவ்வாமைக்குக் கட்டம் உண்டு,
இரத்த வகைக்கு உண்டு.

அவள் குனிந்தாள்.
"ஸ்தாமென், நான் உன் பெண்டாட்டிதானே?"

மேல், கீழ். மேல், கீழ்.

"ஒண்ணு, முப்பத்தைந்து வருஷத்தை இல்லேங்கிறார்.
இல்லே, இன்னும் ஹாம்பர்க்கிலேயே நிக்கிறார்.
ஊசியைப் போடுங்க."

போட்டேன்.
கால் மணியில் விரல்கள் போர்வையை விட்டன.
என் வரியை நானே அடித்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு விருப்பப்பாடம், மானிடவியல்.
பண்பாடு என்றால் என்ன?
பிறப்பில் வராதது, கற்பது, பகிர்வது, கைமாறுவது
என்று எழுதினேன். ஆறுக்கு நாலு போட்டார்கள்.
குறைந்த இரண்டு எதற்கென்று
அன்று பகல் ஊடுகதிர்ப் படத்தை விளக்கில் பிடித்தபோது
லேசாகப் புரிந்தது.
கழுத்தெலும்பு ஏழு.
எனக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு.
கலோதினா எதிலும் விழவில்லை.
எதிரே ஒரு முகம் இருந்து
இன்னதுதான் என்று வாங்கிக்கொள்ளும்வரை
ஆமாம் என்பது வெறும் தசை.

இல்லை, அதுவும் சரியில்லை.
ஹோம்ஸில் இருக்கும் தம்பியோடு தொலைபேசியில் பேசும்போது
யாரும் பார்க்காத இந்தத் தாடை
இல்லை சொல்ல மேலே தூக்கிக்கொள்கிறது.
நாக்கு ச்சு என்கிறது.
அந்தத் தாடையும் அந்த ச்சுவும்
எனக்கு முன்பே வந்து இங்கே குடியிருந்தன,
காய்கறிச் சந்தையில், பேருந்தில், பென்காவிடம்.
யார் சுமந்து வந்தார்களோ,
எந்தச் சாவடியும் பிடிக்கவில்லை.

ஸ்லாத்கா தினமும் அதே கேள்வியைக் கேட்டாள்,
சோறு வெந்ததா என்று பார்ப்பவள்போல.
ஒன்பதாம் நாள்
தலை பாதி கீழே போய் நின்றது.
அங்கேயே சற்று நேரம், இன்ஜினை அணைக்காமல்.
பிறகு இடம். வலம். இடம்.

"தாண்டிட்டார்," என்று தாழ்வாரத்தைப் பார்த்துக் கத்தினாள்.
பென்கா ஓடி வந்தாள்.
தொடர்பு முறை என்ற வரியில்
நான் எழுதியதை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

குடுவையைத் திறந்தபடியே ஸ்லாத்கா கேட்டாள்:
"டீ வேணுமா டாக்டர்?"
என் தலை அசைந்தது.
எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது.
ஒரு கரண்டிப் பாகு போட்டு
ஊற்றிவிட்டாள்.