விடுப்பு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு,
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு அபினேஷின் தாய் எழுதுவது.

காய்ச்சல் என்று எழுதச் சொன்னான்.
காய்ச்சல் இல்லை.
அந்தச் சொல்லை இப்போது எழுதினால்
நாலு பேர் கவச உடையில் வந்து
தகரம் அடித்துவிட்டுப் போவார்கள்,
எதிர்வீட்டு வாசலில் அடித்த மாதிரி.

கனிஷ்காவைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.
மூன்றாவது படிக்கையில் நின்றவள், ஐந்தாவதுக்குப் போகிறாள்.
ஆசிரியருக்குச் சின்ன ரவா, பெரிய றவா என்று கேட்டாள்.
பேனாவை நானே வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் மூடிய மறுவாரம்
திருப்பூரிலிருந்து அவன் அப்பா வந்து சேர்ந்தார்,
பனியன் கம்பெனிப் பையோடு, சம்பளம் இல்லாமல்.
நாலு வாய், ஒரு போன்.
அதுவும் என் தோட்டை அடகு வைத்து வாங்கியது.
பத்து மணிக்கு அபினேஷுக்குக் கணக்கு.
அதே பத்து மணிக்கு அவளுக்குத் தமிழ்.
லோடு வந்திருக்கிறது என்று அவருக்கு அழைப்பு வருவதும்
அப்போதுதான்.
வந்தால் கணக்கு பாதியில் நிற்கும்.

எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது.
சோழசூடாமணி ஆற்று மதகில் ஏறினால் இரண்டு கோடு.
நடவுக்குப் போன அன்று அவளை வரப்பில் உட்கார வைத்தேன்,
போனை உப்புக் கவரில் போட்டு.
'எல்லாருக்கும் கேக்குதா?' என்றார்கள் டீச்சர்.
'கேக்குது டீச்சர்' என்று
சேற்றில் குனிந்திருந்த பதினோரு பேரும் சொன்னோம்.
அன்றைக்குச் சிரித்ததுதான்.

முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
மாதம் பத்து, அரிசி பருப்போடு கொடுத்தீர்கள்.
பள்ளிக்கூடத்தில் தின்றால் அது அவன் முட்டை.
வீட்டுக்கு வந்தால் குழம்பு.

பிறகு குறுவை அறுத்தார்கள்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குச்
சோறு கொண்டுபோனவன்
இருட்டித்தான் திரும்பினான், சாக்கு தைத்த கூலியோடு.
கோணி ஊசி பிடித்த விரல் கொப்புளித்திருந்தது.
பணத்தை என் கையில் தரவில்லை.
அரிசிப்பானை மூடிமேல் வைத்தான்,
அவன் அப்பா வைக்கிற இடத்தில்.

இப்போது ஒரு நெல்லைக் கடித்து
'பத்தொன்பது' என்கிறான்.
மெஷின் பத்தொன்பது புள்ளி இரண்டு என்கிறது.
பதினேழுக்கு மேல் ஈரம் ஆகாது, காய வையுங்கள் என்று
நாலு வேலிக்காரரிடமே சொல்கிறான்.
அவரும் காய வைக்கிறார்.
பெருமையாக இருக்கிறது ஐயா.
பயம் அதனால்தான்.

திறந்த அன்று ஒரு நாள் வந்தான்.
பேண்ட் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே.
முகக்கவசத்தில் அடையாளம் தெரியாமல்
'நீ யார்ரா?' என்றீர்களாம்.
குறையாகச் சொல்லவில்லை.
குரல் உடைந்த அன்று அடுப்படியிலிருந்து
நானும் அதையேதான் கேட்டேன்.

உண்மையைச் சொன்னால்
தோட்டை மீட்டது அவன் பணம்.
போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.
'பள்ளிக்கூடத்துக்குப் போடா' என்று தலையை ஆட்டிச் சொல்லும்போது
அதுவும் சேர்ந்து ஆடுகிறது.
அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
காதைப் பார்க்கிறான்.

பேரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.
நீங்கள் நேரில் வந்து கூப்பிட்டால் வருவான்.
அடுக்கின் உச்சியில், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இருப்பான்.
திங்கட்கிழமை வாருங்கள்.
சனிக்கிழமை கூலி போடுகிறார்கள்.

ஆகவே ஐயா,
என் மகனுக்கு        நாட்கள்
(எத்தனை என்று தெரியவில்லை, இடம் விட்டிருக்கிறேன்)
விடுப்பு அளிக்குமாறு
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ம. வசந்தகோகிலா

பி.கு: தேதி போடவில்லை.
மேற்கே கறுத்துவிட்டது,
மூட்டையை மூட ஆள் போதாதென்று
அபினேஷ் என்னைக் கூப்பிடுகிறான்.