இருபது அங்குலம்

மூன்றாம் வருடம், உடற்பயிற்சி விஞ்ஞானம்.
"அப்ப பீ.டி. டீச்சராத்தான் வரப்போறியோ?"
மட்கோ சந்தியில் கேட்பவர்களுக்கு
ஓம் என்று சொல்லிவிடுவேன்.
பஸ் வருவதற்குள் விளக்க நேரம் காணாது.

கெண்டைக்கால் தசைக்கு
பரீட்சைத் தாளில் எழுதவேண்டிய பெயர்
பதின்மூன்று எழுத்து.
மூன்று தரம் பிழைவிட்டேன்.
கெண்டை என்றே விட்டிருக்கலாம்.
குதிகாலை உயர்த்திப் பாருங்கள்,
தோலுக்குக் கீழே ஒரு மீன் புரண்டு படுக்கும்.

ட்ரெட்மில் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரை.
ஆகவே ஒரு வாங்கு:
லிங்கநகர் சூசைதாஸ் செய்து தந்தது,
வேப்பம் பலகை, நாலு கால்,
யானை ஏறினாலும் அசையாது.

ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு.
நிமிடத்துக்கு முப்பது தரம், ஐந்து நிமிடம்.
தாளம் பஸ்மிலாவின் போனில்.
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறவள்,
சார்ஜ் போட மறந்த நாளில்
கை சிவக்கத் தட்டினாள்.
பிறகு உட்காரவைத்து
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
நாடி எண்ணுவது என் வேலை.
சிலருடையது கதவைத் தட்டும்.
சிலருடையது
தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும்.

பெடியன்கள் பரவாயில்லை.
பெண்கள் இருபத்தெட்டுப் பேரில்
இருபத்திரண்டு பேர் 'பலவீனம்'.
அட்டவணை தந்த சொல் அது.
நான் அதை அப்படியே
ஒவ்வொரு முகத்துக்கும் வாசித்தேன்.

பதினேழாம் இலக்கம், துஷ்யந்தி.
நாலடி பத்தங்குலம்.
சாம்பல்தீவிலிருந்து தினமும் சைக்கிள்.
மூன்றாம் நிமிடத்தில்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
செருப்பைக் கொழுவிக்கொண்டு போனாள்.
மக்கெய்சர் மைதானத்துப் போட்டிக்குக் கொடுத்திருந்த
எண்ணூறு மீற்றர்ப் பெயரை
அடுத்த கிழமை தானே வெட்டினாளாம்.

மான் காட்டித் தந்தது என்றால் சிரிப்பீர்கள்.
வராந்தாவில் விட்டிருந்த வாங்குக்குக் கீழே
புள்ளிமான் குட்டியொன்று
முதுகு முட்டாமல் நுழைந்து
அந்தப் பக்கத்தால் போனது.
பஸ்மிலா சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
அளவுநாடாவை எடுத்தாள்.

இருபது அங்குலம்.
புத்தகத்தில் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் கிடந்தது:
பெண்களுக்குப் பதினாறு.

"துண்டில இருபதெண்டுதானே பிள்ளை இருந்தது?"
என்றார் சூசைதாஸ், பென்சிலைக் காதிலிருந்து எடுக்காமலே.
இருந்தது.
என் கையெழுத்து.

நாலு காலிலும் நாலு அங்குலம்
வாளுக்குப் போனது.
இனி ஆண்களுக்கு வேறு வாங்கு வேண்டும், காசில்லை.
"அதுவரைக்கும் அவங்களும் பதினாறில ஏறட்டும்" என்றாள் பஸ்மிலா.

இருபத்தேழு பேர் திரும்பி வந்தார்கள்.
சிலர் என்னை ஏசிக்கொண்டே ஏறினார்கள்.
ஏசுகிறவளுக்கு மூச்சு மிச்சமிருக்கிறது,
அதையும் குறிக்க ஒரு நிரல் இருந்திருக்கலாம்.
துஷ்யந்தியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

வெட்டிய கட்டைகளில் ஒன்று
ஆய்வுகூடக் கதவுக்கு அண்டை.
ஒன்று பஸ்மிலா வீட்டுத் தையல் மெஷினுக்கு.
ஒன்றைக் காணவில்லை.
ஒன்று என் மேசையில்,
கச்சான் காற்றில் தாள்கள் பறக்காமல்.
மேல்தாளில் பதினேழாம் வரி.
'தானாக விலகினார்' என்று எழுதச் சொல்கிறார்கள்.
தானாக என்ற சொல்லில்
பேனை நிற்கிறது.

நேற்று நிலாவெளி ரோட்டில்
பஸ் ஜன்னலால் கண்டேன்.
எதிர்க்காற்று. இருக்கையை விட்டு எழும்பி
நின்றபடி மிதிக்கிறாள்.
சட்டை பின்பக்கம் பாயாய் உப்புகிறது,
காலில் அந்த மீன் ஏறி இறங்குகிறது.
பழக்கதோஷம், எண்ணத் தொடங்கிவிட்டேன்.
பதினொன்று, பன்னிரண்டு.
பஸ் முந்தியது.
கண்ணாடியில் தட்டினேன்.
காற்றில் கேட்டிருக்காது.