முப்பது மீட்டர்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு நடைவழி.
இந்த முனையில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு,
அந்த முனையில் இன்னொன்று.
இடையே முப்பது மீட்டர்.
மூன்று மீட்டருக்கு ஒன்றாய்
தரையில் ஒட்டிய நீல நாடா.
ஆறு நிமிடம் நடக்க வேண்டும்.
ஓடக் கூடாது, பேசக் கூடாது.
நிற்கலாம். சுவரில் சாயலாம்.
கடிகாரம் மட்டும் நிற்காது.

என்னைக் கூப்பிட்டது நோய்க்காக அல்ல.
நோயில்லாத ஒருத்தி வேண்டியிருந்தது அவர்களுக்கு,
அறுபத்தெட்டு வயதில், சிகரெட் தொடாதவளாக.
லியெபாயாவில் அப்படி ஆள் தேடுவது
பனியில் உப்பைத் தேடுவதுபோல என்று
டைகா சிரித்தபடி
என் விரல்நுனியில் கிளிப்பை மாட்டினாள்.

முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள் நான்.
முனைக்குப் போய் முனைக்குத் திரும்புவது
எனக்குப் புதிதா என்ன?
பதினெட்டு முறை. ஐநூற்று நாற்பது மீட்டர்.
மூச்சுத்திணறல் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள்.
ஒன்று, என்றேன்.
பரிசு வாங்கிய பிள்ளைபோல
என் குரல் எனக்கே கேட்டது.

அடுத்தவர் விஸ்வால்டிஸ்.
நாற்பது வருடம் புகைபோக்கி துடைத்தவர்.
அவர்கள் சட்டைப் பொத்தானைத் தொட்டால்
அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.
தொடுவதற்கு இன்று பொத்தான் இல்லை,
ஜிப் வைத்த ஸ்வெட்டர்.

மூன்றாவது சுற்றில்
தீயணைப்புக் குடுவைக்குப் பக்கத்தில் நின்றார்.
உள்ளங்கை முழங்காலில். உதடு குவிந்து.
'நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் நான்கு நிமிடம்'
என்றாள் டைகா, எனக்குச் சொன்ன அதே குரலில்.
ஒரு சொல்கூட மாற்றக் கூடாதாம்,
அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
அவர் வாங்குவதைப் பார்த்தேன்:
சில்லறை சில்லறையாக,
பேரம் பேசி,
பாதிக்குக் கடன் சொல்லி.

இருநூற்றுப் பதினாறு.
கடைசி ஆறு மீட்டரை
டைகா மண்டியிட்டு நாடா பிடித்து அளந்தாள்.
ஓர் அங்குலமும் விட்டுவிடாமல்.

அரைமணி ஓய்வு. டீ, கம்பு ரொட்டி.
அப்புறம் சமநிலைச் சோதனை:
கைகளை மார்பில் கட்டி
ஒரு காலைத் தூக்கி
கண்ணை மூட வேண்டும்.

நான் நான்கு நொடி.
ஐந்தாவதில் டைகாவின் தோளில் இருந்தேன்.
முப்பத்தொரு வருடம்
உட்கார்ந்தே சம்பாதித்த கால்கள்.

விஸ்வால்டிஸ் கண்ணை மூடினார்.
பத்து. இருபது.
கணுக்கால் மட்டும் மெல்ல ஆடியது,
நங்கூரமிட்ட படகுபோல.
முப்பதில் நிறுத்து என்கிறது தாள்;
டைகா நிறுத்தவில்லை.
மனிதர் அங்கே இல்லை என்பது
எங்கள் இருவருக்கும் தெரிந்தது.
ஏதோ ஒரு கூரை முகட்டில்,
கடல்காற்று எந்தப் பக்கம் என்று
காதால் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.
நாற்பத்தொன்றில் ஓர் இருமல் வந்து
அவரைக் கீழே இறக்கியது.

டிராம் நிறுத்தம் இருநூறு மீட்டர்கூட இல்லை.
சேர்ந்தே போனோம்.
முதல் முறை அவர் நின்றபோது
செருப்புக்கடை ஜன்னலைப் பார்ப்பதாக நடித்தேன்.
இரண்டாம் முறை நடிக்கவில்லை, சும்மா நின்றேன்.
மூன்றாம் முறை நிற்கையில் வண்டி வந்துவிட்டது.

கதவு திறந்திருக்கும் நேரம் எனக்கு மனப்பாடம்.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே
மூடியிருக்கிறேன்.
இப்படித்தான் வருவார்கள் சிலர்,
கையை உயர்த்துவார்கள், ஓட மாட்டார்கள்.
சோம்பேறிகள், அவசரமிருந்தால் ஓடட்டும்
என்று நினைத்திருக்கிறேன்.
எத்தனை பேர்? யார் எண்ணினார்கள்?

முன்னால் போய்
ஒரு காலைப் படியில் வைத்தேன்.
மற்றது தரையைத் தொட்டும் தொடாமலும்.
ஓட்டுகிற பெண் மணி அடித்தாள்.
மறுபடி அடித்தாள்.
அவர் விளக்குக் கம்பத்தைக் கடந்துவிட்டார்,
இன்னும் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்.
நான் ஒற்றைக்காலில் நின்றேன்.